அட்டர்னி ஜெனரல் யாருடைய வக்கீல்? கலிபோர்னியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 43 மாநிலங்கள் தங்கள் தலைமைச் சட்ட அதிகாரியை நேரடித் தேர்தலில் தேர்ந்தெடுக்கின்றன. அவற்றில் மக்கள்தொகை மிகுந்தது கலிபோர்னியா. அங்கே வாழும் தமிழர்களும் ஏராளம். அங்குள்ளவர்களும், இங்கிருந்து செய்தி படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

அட்டர்னி ஜெனரல் என்பவர் நம் ஊர் அட்வகேட் ஜெனரல் மாதிரியா?

பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று. தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரலை, அதாவது அரசுத் தலைமை வழக்கறிஞரை, அரசியல் சாசனத்தின் 165ஆம் பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார். ஆளுநர் விரும்பும்வரைதான் அவருக்குப் பதவி. நடைமுறையில் ஆட்சி மாறினால் அவரும் மாறிவிடுவார். இலங்கையின் சட்டமா அதிபர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர்.

கலிபோர்னியாவில் அந்தப் பதவிக்கு ஓட்டுப் போட்டு ஆளை அனுப்புகிறார்கள். ஆளுநரால் அவரை நியமிக்கவும் முடியாது (இடையில் காலியானால் தவிர), நீக்கவும் முடியாது. ஆளுநர் ஒரு கட்சி, அட்டர்னி ஜெனரல் எதிர்க்கட்சி என்று அமைந்த காலமும் உண்டு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பலவும் விளங்கிவிடும்.

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் இவருக்கு மேலதிகாரி அல்ல. அவர் அதிபர் நியமிப்பவர், கூட்டாட்சி அரசுக்கானவர். இருவரும் ஒரே வழக்கில் எதிரெதிரே நிற்பது சர்வசாதாரணம்.

அப்படியானால் இவர் யாருக்கு வக்கீல்? அரசுக்கா, மக்களுக்கா?

இரண்டுக்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மாநிலத் துறைகள் மேல் யாராவது வழக்குப் போட்டால் அவற்றுக்காக வாதாடுவது இவருடைய அலுவலகம். அதே அலுவலகம் மோசடி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடும்போது, வாதியின் இடத்தில் 'கலிபோர்னியா மாநில மக்கள்' என்றுதான் தலைப்பு இருக்கும். புகார் கொடுத்தவரின் பெயர் அந்த வரியில் வராது. பின்னால் வரும் பல ஏமாற்றங்களுக்குக் காரணம் இந்தத் தலைப்பைக் கவனிக்காததுதான்.

மாநில அரசியல் சாசனத்தின் 5ஆம் அத்தியாயம், 13ஆம் பிரிவு இவரைத் 'தலைமைச் சட்ட அலுவலர்' என்கிறது. சட்டங்கள் மாநிலம் முழுக்கச் சீராகவும் போதுமான அளவிலும் அமலாகின்றனவா என்று பார்ப்பது கடமை. எல்லா மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் மீதும் ஷெரிஃபுகள் (உள்ளூர்க் காவல் தலைவர்கள்) மீதும் நேரடி மேற்பார்வை உண்டு. இந்த வாசகம் 1934இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் அப்போது அலமேடா கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) அரசு வழக்கறிஞராக இருந்த ஏர்ல் வாரன். 1939இல் அவரே அந்தப் பதவிக்கு வந்தார், பிறகு ஆளுநர், 1953இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி.

யார் போட்டியிடலாம்? தேர்தல் எப்படி நடக்கும்?

தேர்தலுக்கு முந்தைய ஐந்தாண்டுகளாவது கலிபோர்னியாவில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் தகுதி பெற்றிருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அது கணக்கில் வராது. பதவிக்காலம் நான்கு ஆண்டு. ஆயுளுக்கு இரண்டு முறைதான். ஆளுநர் தேர்தலோடு சேர்ந்தே நடக்கும்: 2018, 2022, 2026 என்று. முதல் சுற்றில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் இருப்பார்கள். அதில் முதலிரண்டு இடம் பிடித்தவர்கள், ஒரே கட்சியாக இருந்தாலும், நவம்பரில் மோதுவார்கள்.

தேர்தல் இரவில் வரும் முடிவை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2010 நவம்பர் 2 அன்று இரவு, இந்தப் பதவிக்குப் போட்டியிட்ட ஸ்டீவ் கூலி தான் வென்றதாகவே அறிவித்தார். தபால் ஓட்டுகளையும் தற்காலிக ஓட்டுகளையும் எண்ணி முடிக்கப் பல வாரம் ஆனது. கடைசியில் சுமார் 74,000 ஓட்டில், ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில், கமலா ஹாரிஸ் வென்றார். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் என்பதால் அந்தத் தேர்தல் தமிழ்நாட்டிலும் செய்தியானது.

ஆளுநருக்கும் இவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால்?

சாசன வாசகம் 'ஆளுநரின் அதிகாரங்களுக்கும் கடமைகளுக்கும் உட்பட்டு' என்றுதான் தொடங்குகிறது. அதன் எல்லையை 1981இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரைந்து காட்டியது. அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜார்ஜ் டியூக்மேஜியன், ஒரு சட்டம் தொடர்பாக மாநில ஊழியர் வாரியத்துக்கு ஆலோசனை சொல்லிவிட்டு, பிறகு அதே விவகாரத்தில் ஆளுநர் ஜெர்ரி பிரவுனை எதிர்த்து வழக்குப் போட்டார். ஒரு தரப்புக்கு வக்கீலாக ஆலோசனை சொன்னவர், அந்தத் தரப்பு மீதே அதே விஷயத்தில் வழக்குத் தொடுக்க முடியாது என்று நீதிமன்றம் தடுத்துவிட்டது. ஓட்டில் ஜெயித்து வந்தவர் ஆனாலும் வக்கீல் வக்கீல்தான். வக்கீல் தொழிலின் ஒழுக்க விதிகள் அவரையும் கட்டும். சரியான தீர்ப்பு.

மறுபக்கம், சட்டத்தை ஆதரித்து வாதாட மறுக்க முடியுமா? முடியும். அதன் விளைவு பெரிதாகவும் இருக்கும். ஒரே பாலினத் திருமணத்தைத் தடை செய்த 8ஆம் முன்மொழிவு 2008 நவம்பரில் மக்கள் ஓட்டில் நிறைவேறியது. 2010இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது ஆளுநரும் மேல்முறையீடு செய்யவில்லை, அட்டர்னி ஜெனரலாகிவிட்டிருந்த ஜெர்ரி பிரவுனும் செய்யவில்லை. அடுத்து வந்த ஹாரிஸும் அதே நிலையில் நின்றார். தடையைக் கொண்டுவந்தவர்கள் தாங்களே மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அப்படி வர அவர்களுக்கு உரிமை இல்லை என்று 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளிக்க, தடை ஒழிந்தது. அந்தத் தடையை வெறுத்தவர்களும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய இடம் இது: மக்கள் நிறைவேற்றிய சட்டத்துக்கு நீதிமன்றத்தில் வக்கீலே இல்லாமல் போகலாம்.

கொலை, கொள்ளை வழக்குகளை இவர்தான் நடத்துகிறாரா?

பெரும்பாலும் இல்லை. 58 கவுண்டிகளிலும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட அரசு வழக்கறிஞர் இருக்கிறார். விசாரணை நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிப்பது அவர் வேலை. தண்டனை விழுந்தபின் மேல்முறையீடு வந்தால்தான் வழக்கு அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு மாறும். மாவட்ட வழக்கறிஞருக்குச் சொந்த அக்கறை இருப்பதாக நீதிமன்றம் அவரை விலக்கினால், விசாரணையையும் இவர் எடுத்துக்கொள்வார்.

2021 ஜூலை 1 முதல் ஒரு முக்கியமான கூடுதல் பொறுப்பு. ஆயுதமில்லாத ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தால் அதை விசாரிப்பது இவர் தலைமையிலான மாநில நீதித் துறை. அன்றாடம் அதே போலீசாரோடு சேர்ந்து வேலை பார்க்கும் உள்ளூர் வழக்கறிஞர் அவர்கள்மீதே வழக்குப் போடுவாரா என்ற நியாயமான சந்தேகத்தில் பிறந்த சட்டம் அது. போலீஸ் அடித்தது, மரியாதைக் குறைவாக நடத்தியது போன்ற புகார்களுக்கு முதல் படி அந்தந்தக் காவல் துறைதான். அங்கே கொடுத்து, நகலை வைத்துக்கொண்டு, அதன்பிறகே மேலே போக வேண்டும்.

வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. அட்டர்னி ஜெனரலிடம் புகார் கொடுத்தால் வாங்கித் தருவாரா?

மாட்டார். அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். தனிநபருக்காக வழக்காடவோ சட்ட ஆலோசனை சொல்லவோ அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் தெளிவு. வீட்டைக் காலி செய்து 21 நாளுக்குள் பணமோ, பிடித்தம் போன விவரப் பட்டியலோ வர வேண்டும். வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். பிறகு நேரே சிறுவழக்கு நீதிமன்றம். தனிநபர் 12,500 டாலர்வரை அங்கே கோரலாம். எதிர்த் தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. வேண்டுமென்றே ஏமாற்றியதாக நீதிபதி கருதினால், அட்வான்ஸ் தொகையைப் போல இரண்டு மடங்குவரை கூடுதலாகத் தரச் சொல்லலாம். வீடு காலி செய்யும் அன்று ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்திருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

வீடு பழுது பார்த்த ஒப்பந்ததாரர், கார் மெக்கானிக், காப்பீட்டு நிறுவனம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிமம் தரும் வாரியமோ துறையோ தனியாக உண்டு. உரிமத்தில் கை வைக்கக்கூடியவர்களிடம் புகார் போனால்தான் வேலை நடக்கும்.

அப்படியானால் புகார் கொடுப்பதே வீணா?

வீண் இல்லை, கட்டாயம் கொடுங்கள். ஆனால் அது எதற்குப் பயன்படுகிறது என்று தெரிந்து கொடுங்கள். உங்கள் 300 டாலருக்காக வழக்கு வராது. ஒரே நிறுவனத்தின் மேல் ஒரே மாதிரிப் புகார்கள் குவியும்போது அது ஒரு வடிவமாகத் தெரியும். விசாரணை அங்கிருந்துதான் கிளம்புகிறது. வழக்குப் போடும் முன்பே ஆவணங்களையும் சாட்சிகளையும் வரவழைக்கும் அதிகாரம் இவருக்கு உண்டு. நியாயமற்ற வணிகத்தைத் தடுக்கும் சட்டத்தின்படி மீறல் ஒன்றுக்கு 2,500 டாலர்வரை அபராதம். பாதிக்கப்பட்டவர் முதியவர் அல்லது மாற்றுத்திறனாளி என்றால் இன்னொரு 2,500வரை. ஆயிரம் வாடிக்கையாளர் என்றால் பெருக்கிப் பாருங்கள், நிறுவனங்கள் ஏன் சமரசத்துக்கு ஓடி வருகின்றன என்று புரியும்.

புகாரை அலுவலகத்தின் இணையப் படிவத்தில் எழுதலாம். பலரும் செய்யும் தவறு, நான்கு பக்கம் ஆதங்கத்தைக் கொட்டி, தேதியை விட்டுவிடுவது. நிறுவனத்தின் பதிவான பெயர் (பில்லில் அல்லது கார்டு அறிக்கையில் இருப்பது), எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள், எவ்வளவு பணம் எப்படிப் போனது, விளம்பரத்தின் படம் இவை போதும். புகாரின் நகல் அந்த நிறுவனத்துக்கே அனுப்பப்படலாம் என்பதால் வங்கிக் கணக்கு எண், சமூகப் பாதுகாப்பு எண் எதையும் அதில் எழுத வேண்டாம். நீங்கள் தனியாக வழக்குப் போடுவதற்கான கெடு, புகார் கொடுத்ததால் நின்றுவிடாது. பதில் வரட்டும் என்று காத்திருந்தே உரிமையை இழந்தவர்கள் உண்டு.

வாக்குச்சீட்டில் இருக்கும் முன்மொழிவுகளுக்குத் தலைப்பு எழுதுவது இவரா?

ஆமாம். இந்தப் பதவியின் அதிகாரங்களில் வெளியே அதிகம் பேசப்படாததும், எங்கள் பார்வையில் மிக வலுவானதும் இதுதான்.

கலிபோர்னியாவில் குடிமக்களே சட்டம் முன்மொழியலாம். வரைவை 2,000 டாலர் கட்டணத்தோடு அட்டர்னி ஜெனரலிடம் கொடுக்க வேண்டும். 2015 வரை அது 200 டாலர்தான். விளையாட்டாக வந்த மனுக்களைத் தடுக்கவே உயர்த்தினார்கள். முன்மொழிவு இரண்டு ஆண்டுக்குள் வாக்குச்சீட்டில் இடம்பெறத் தகுதி பெற்றால் பணம் திரும்பும். முதல் 30 நாள் யார் வேண்டுமானாலும் இணையத்தில் கருத்துச் சொல்லலாம். நிதித் துறையும் சட்டமன்ற ஆய்வாளரும் செலவு மதிப்பீடு தருவார்கள். பிறகு 100 சொல்லுக்குள் தலைப்பும் சுருக்கமும் எழுதி இவர் வெளியிடுவார். அந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கையெழுத்துத் திரட்ட வேண்டும். 2022 ஆளுநர் தேர்தலின் ஓட்டுக் கணக்குப்படி சாதாரணச் சட்டத்துக்கு 5,46,651, சாசனத் திருத்தத்துக்கு 8,74,641.

முன்மொழிவு சீட்டுக்கு வந்துவிட்டால் அதன் மேல் அச்சாகும் 75 சொல்லும் இவருடையதே. முழு வரைவைப் படித்துவிட்டு ஓட்டுப் போடுபவர் எத்தனை பேர்? பெரும்பாலோர் பார்ப்பது அந்த 75 சொல்லைத்தான். 2018இன் 6ஆம் முன்மொழிவைப் பாருங்கள். முந்தைய ஆண்டு கேலனுக்கு 12 சென்ட் உயர்த்திய பெட்ரோல் வரியை ஒழிப்பதே அதன் நோக்கம். அப்போதைய அட்டர்னி ஜெனரல் சேவியர் பெசெராவின் அலுவலகம் எழுதிய தலைப்போ, 'சாலைப் பழுதுபார்ப்புக்கும் போக்குவரத்துக்குமான குறிப்பிட்ட நிதியை நீக்குகிறது' என்ற பொருளில் தொடங்கியது. இரண்டுமே உண்மை. எதை முன்னால் வைப்பது என்பதில்தான் கை இருக்கிறது. முன்மொழிவு தோற்றது. 2008இல் 8ஆம் முன்மொழிவுக்கு ஜெர்ரி பிரவுன் 'ஒரே பாலின இணையர் மணம் புரியும் உரிமையை நீக்குகிறது' என்று தலைப்பிட, அதைக் கொண்டுவந்தவர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். ஆனால் அந்தத் தலைப்போடும் முன்மொழிவு நிறைவேறியது. ஆகவே தலைப்பே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

தலைப்பு பொய்யாகவோ திசைதிருப்புவதாகவோ இருந்தால் வழக்குப் போடலாம். ஆனால் நீதிமன்றங்கள் அட்டர்னி ஜெனரலின் சொல்லுக்கு நிறைய இடம் கொடுக்கின்றன. கட்சி சார்பாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஒருவர் கையில் இந்தப் பேனா இருப்பது சரியல்ல. கட்சி சாராத சட்டமன்ற ஆய்வாளரிடம் அதை மாற்ற வேண்டும் என்ற யோசனை பலமுறை எழுந்தும் நிறைவேறவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வரிவிலக்கு வாங்கியாயிற்று. இவரிடமும் பதிய வேண்டுமா?

வேண்டும். வருமான வரித் துறையின் விலக்கு ஒன்று, மாநில வரி வாரியம் ஒன்று, மாநிலச் செயலர் ஒன்று, அட்டர்னி ஜெனரலின் அறக்கட்டளைப் பதிவேடு இன்னொன்று. நான்கும் தனித்தனி. முதல் மூன்றை முடித்துவிட்டு நான்காவதை மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

அறப்பணிக்காக முதன்முதலில் பணமோ சொத்தோ கைக்கு வந்து 30 நாளுக்குள் சிடி-1 படிவம், 50 டாலர். பிறகு ஆண்டுதோறும் ஆர்ஆர்எஃப்-1. நிதியாண்டு முடிந்து நான்கு மாதம் 15 நாளுக்குள், அதாவது டிசம்பரில் கணக்கு முடிப்பவர்களுக்கு மே 15. வருவாய் 50,000 டாலருக்குள் இருந்தால் கட்டணம் 25 டாலர். அந்தச் சிறு சங்கங்கள் பொருளாளர் அறிக்கையான சிடி-டிஆர்-1 படிவத்தையும் சேர்க்க வேண்டும். வருமான வரித் துறைக்கு ஓர் அஞ்சலட்டை அளவிலான மின்படிவம் போதும் என்பதால் இங்கும் அது போதும் என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். கெடு தவறினால் 'காலம் கடந்தவர்' என்று பதிவேட்டில் பெயர் எல்லோர் கண்ணிலும் படும்; அந்த நிலையில் நன்கொடை கேட்கவே கூடாது. தாமதக் கட்டணத்தைச் சங்கப் பணத்திலிருந்து கட்டவும் கூடாது, நிர்வாகிகள் சொந்தப் பையிலிருந்துதான் தர வேண்டும். நிர்வாகக் குழு மாறும் ஆண்டில்தான் இது நழுவும். பழைய செயலாளரின் மின்னஞ்சலுக்குப் போன நினைவூட்டலைப் புதியவர் பார்த்திருக்க மாட்டார்.

சமய அமைப்பாக நடக்கும் கோயில்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு.

பெரிய நன்கொடையாளர்களின் பெயர்ப் பட்டியலையும் தர வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2021 ஜூலை 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை அடித்துவிட்டது.

பொங்கல் விழாவில் குலுக்கல் சீட்டு விற்கலாமா?

முன்கூட்டியே இவரிடம் பதிவு செய்தால் விற்கலாம். சங்கம் குறைந்தது ஓராண்டாவது கலிபோர்னியாவில் முறைப்படி இயங்கியிருக்க வேண்டும். சீட்டில் எண்ணிட்ட கிழிதுண்டு இருக்க வேண்டும். இணையத்தில் விற்கக் கூடாது, அதனால் வாட்ஸ்அப்பில் எண் அனுப்பிப் பணம் வாங்குவதும் ஆபத்து. வசூலான மொத்தத் தொகையில் 90 சதவீதம் அறப்பணிக்கே போக வேண்டும். ஆகவே 'பாதி வென்றவருக்கு, பாதி சங்கத்துக்கு' என்ற குலுக்கல் இங்கே சட்டவிரோதம். யாராவது நன்கொடையாகக் கொடுத்த பொருளையே பரிசாக வைத்தால் இந்தக் கணக்கு உதைக்காது.

பள்ளியில் தன்னார்வலராகச் சேர லைவ் ஸ்கேன் (மின்னணுக் கைரேகைப் பதிவு) கேட்கிறார்கள். அதுவும் இவர் துறையா?

ஆமாம், மாநில நீதித் துறைதான் கைரேகைப் பதிவுகளை வைத்திருக்கிறது. கேட்கும் அமைப்பின் குறியீட்டு எண் அச்சான படிவத்தோடு போங்கள். எண் தவறினால் முடிவு வேறிடத்துக்குப் போகும். ஓர் அமைப்புக்காகக் கொடுத்த ரேகை இன்னொன்றுக்குச் செல்லாது, மறுபடி கொடுக்க வேண்டும். படிவத்தின் கீழே எழுதித் தரும் ஏடிஐ எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். தாமதமானால் நிலையறிய அது ஒன்றுதான் வழி. பழைய கைது ஒன்று பதிவில் இருந்து, வழக்கு என்ன ஆனது என்ற விவரம் இல்லாவிட்டால், ஊழியர்கள் நீதிமன்றத்தைக் கேட்டு அறியும்வரை முடிவு வராது.

அட்டர்னி ஜெனரலிடம் சட்டக் கருத்துரை கேட்டு நான் எழுதலாமா?

முடியாது. சட்டமன்ற உறுப்பினர்கள், மாநில அதிகாரிகள், மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் போன்றவர்களுக்குத்தான் எழுத்துக் கருத்துரை. அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது; ஆனால் மதிப்போடு பார்க்கப்படும். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் மூலம் கேட்க வைக்கலாம்.

தகுதியில்லாத ஒருவர் பொதுப் பதவியில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் மட்டும் குடிமகனுக்கு ஒரு கதவு உண்டு. அந்தப் பதவியைக் கேள்விக்குள்ளாக்கும் வழக்கைத் தொடுக்க இவரிடம் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அனுமதி இல்லாமல் அந்த வழக்கு நிற்காது.

கூட்டாட்சி அரசை எதிர்த்து இத்தனை வழக்குகள் எப்படிப் போடுகிறார்கள்?

மாநிலத்துக்கே நேரும் நட்டத்தைக் காட்டி. பெசெரா தன் காலத்தில் டிரம்ப் நிர்வாகத்தின் மேல் 100க்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுத்தார். பல மாநிலங்கள் சேர்ந்து போடுவதும் வழக்கம். 1994இல் மிசிசிப்பி அட்டர்னி ஜெனரல் மைக் மூர் தனியாகத் தொடங்கிய புகையிலை வழக்கு, 1998 நவம்பரில் 46 மாநிலங்களின் ஒப்பந்தமாக முடிந்தது: 25 ஆண்டில் 20,600 கோடி டாலர். சேராமல் விலகி நின்றும் பேரம் பேசலாம். வீட்டுக்கடன் மோசடி விவகாரத்தில் 2011 செப்டம்பரில் ஹாரிஸ், வங்கிகளோடு பல மாநிலங்கள் நடத்திய பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்து வந்தார். 2012 பிப்ரவரியில் திரும்பச் சேர்ந்தபோது கலிபோர்னியாவின் பங்கு பன்மடங்காகியிருந்தது.

எல்லா மாநிலங்களிலும் தேர்தல்தானா?

இல்லை. அலாஸ்கா, ஹவாய், நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, வயோமிங் ஆகிய ஐந்தில் ஆளுநர் நியமிக்கிறார். மெய்னில் சட்டமன்றம் ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறது. டென்னசியில் மாநில உச்ச நீதிமன்றம், எட்டாண்டுக்கு. ஆகவே நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் வாக்குச்சீட்டில் இந்தப் பதவியைத் தேட வேண்டாம்.

பதவியிலிருந்து இறக்க வழி உண்டா? இடையில் காலியானால்?

கலிபோர்னியாவில் கீழவை குற்றம் சாட்டி, மேலவையில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் பதவி போகும். மக்களும் திரும்ப அழைக்கலாம். அந்தப் பதவிக்குக் கடைசியாக விழுந்த ஓட்டில் 12 சதவீதம் கையெழுத்து, குறைந்தது ஐந்து கவுண்டிகளில் ஒவ்வொன்றிலும் அங்கே விழுந்த ஓட்டில் ஒரு சதவீதமாவது, 160 நாளுக்குள். டெக்சாஸில் 2023 மே மாதம் அந்த மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் மீது கீழவை 121-23 என்று குற்றம் சாட்டியது. செப்டம்பரில் மேலவை விடுவித்தது.

இடையில் காலியானால் ஆளுநர் ஒருவரை முன்மொழிய, இரு அவைகளும் ஒப்ப வேண்டும். ஹாரிஸ் செனட்டுக்குப் போனதும் 2017இல் பெசெரா வந்தது அப்படித்தான். பெசெரா வாஷிங்டன் போனதும் 2021இல் ராப் பொன்டா வந்ததும் அப்படியே. பொன்டா 2022 நவம்பரில் தேர்தலில் நின்று வென்றார்.